சாமியும் முன் பிரேக்கும்

என் மனைவி என் வண்டியில் ஏறுவதை நிறுத்தியது ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அதற்குக் காரணம் உளுந்துதான், நான் இல்லை. இதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

கறம்பக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து புதுக்கோட்டையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின்சீட்டில் மனைவி ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் மடியிலிருந்த பலாப்பழத்தையும் மறுகையால் என் வலது தோளையும் பிடித்திருந்தாள். எங்கள் பக்கம் தார் ரோட்டை வண்டி போவதற்கு மட்டும் போட்டதாக யாரும் நினைப்பதில்லை. அறுவடைக் காலத்தில் அதுதான் களம். பிடுங்கிய உளுந்துச் செடியை ரோட்டில் மெத்தை போலப் பரப்பிவிட்டு, உரியவர் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் கூலியில்லாமல் உதிர்த்துக் கொடுத்துவிடும். நாலு சக்கரத்துக்கு அது புண்ணியம். இரண்டு சக்கரத்துக்கு அது சோப்பு.

வழியில் ஒரு அய்யனார் கோயில் வந்தது. வழக்கம்போல் வலது கையை எடுத்து நெஞ்சில் வைத்து, விரலை உதட்டில் ஒற்றிக் கும்பிட்டேன். கும்பிட்டு முடிப்பதற்குள் உளுந்து வந்துவிட்டது.

பெரிய விபத்து என்று சொல்ல முடியாது. வண்டி ரோட்டை விட்டு விலகிக் கோயில் பக்கமாகவே போய், அலுப்போடு படுத்துக்கொண்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. மனைவி உளுந்துச் செடியிலேயே விழுந்ததால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சேலையெல்லாம் சருகு. பலாப்பழம் மட்டும் உருண்டு போய் மண்குதிரையின் காலடியில் மோதிப் பிளந்தது. மரத்தடியிலிருந்தவர் ஓடி வந்தார். இரண்டு பேரையும் தூக்கிவிட்டு, தண்ணீர் கொடுத்து, அப்புறம் பழத்தைப் பார்த்தார்.

"நல்ல சொளைங்க. வீணாப் போயிரும்ல."

அவர் கூப்பிட்டதும் எங்கிருந்தோ நாலைந்து பேர் வந்தார்கள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து தின்றார்கள். எனக்கும் ஒரு சுளை கொடுத்தார்கள். இனிப்பாகத்தான் இருந்தது. நான் மென்றுகொண்டிருப்பதை மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இனிமே ஒங்க வண்டியில ஏற மாட்டேன். பஸ்ஸுல பொம்பளைகளுக்கு டிக்கெட்டும் கெடையாது, கீழயும் போட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

கோபம் நாலு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். போனது. கோபம் போன பிறகும் வண்டியில் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கோபமாக இருந்தால் சமாதானம் செய்யலாம். அவள் சிரித்த முகத்தோடு, "நீங்க முன்னால போங்க, நான் பஸ்ஸுல வாரேன்" என்றாள். இல்லாவிட்டால் அவள் தம்பியின் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். ஒரு வளைகாப்புக்கு மச்சினன் ஸ்கூட்டரில் அவள் முன்னால் போக, என் பின்சீட்டில் முறுக்குச் சம்படத்தைக் கட்டிக்கொண்டு நான் பின்னால் போனேன். பார்த்தவர்களெல்லாம் சம்படத்தைத்தான் விசாரித்தார்கள்.

மானம் போனது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் பேச்சு என்று ஒன்று நடந்தால் அது வண்டியில்தான் நடக்கும். வீட்டுக்குள் டிவி பேசும், குக்கர் பேசும், பையன் போனில் பேசுவான். நாங்கள் இரண்டு பேரும் பேசுவது கறம்பக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில். காற்றில் பாதி பறந்துபோக, மீதி என் காதில் விழும். பையனை எந்தக் காலேஜில் சேர்ப்பது, மாடி எடுப்பதா வேண்டாமா, எந்தச் சொந்தக்காரர் சரியில்லை எல்லாம் அங்கே முடிவானதுதான். அவள் ஏறாமல் போனதும் பின்சீட்டு காலியானது மட்டுமில்லை, என் வாழ்க்கையில் பேச்சே நின்றுவிட்டது. மனைவியைத் தேடுகிறது என்று ஐம்பதை நெருங்கும் மனிதன் யாரிடம் போய்ச் சொல்வது? அதுவும் அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்போது.

இதற்கு நடுவில் தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தங்கைக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த குழந்தை. நார்த்தாமலை அம்மன் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமனான என் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். சீர்த்தட்டுகளோடு மாமனும் மாமன் பெண்டாட்டியும் சேர்ந்து வந்து இறங்குவதைச் சொந்தபந்தமெல்லாம் நின்று பார்க்கும். "தட்டெல்லாம் வேன்ல வரட்டும், நாம வண்டியில போயிருவோமா?" என்று மெதுவாகக் கேட்டேன். "நானும் தட்டோட வேன்லயே வாரேங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் செல்போனில் அந்த விளம்பரம் வந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு பயிற்சி. புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு காலேஜ் மைதானத்தில் இரண்டு நாள். கட்டணத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்தப் பணத்துக்கு ஒரு வெட் கிரைண்டர் வரும். கிரைண்டர் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டுக் கிரைண்டர் சத்தம் மட்டும் போட்டு மாவாட்டாமல் இருந்த காலம் அது. புதிது வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்தோம். மறுபடி போனை நிமிர்த்தி அந்தப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

மனைவி சத்தம் போடவில்லை. "ஓட்டத் தெரிஞ்சவருக்கு எதுக்கு ட்ரெய்னிங்? தெரியாதுன்னு ஒத்துக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் எனக்கு அடி. குளிக்கப் போய்விட்டேன். விடைத்தாள் திருத்தும் முகாமில் இன்னும் மோசம். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன். முகாமில் மாவட்டத்து இயற்பியல் ஆசிரியர்கள் அத்தனை பேரும் ஒரே அறையில் இருந்தோம். உளுந்து விஷயம் எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. "உராய்வுக் குணகம் எவ்வளவு சார் வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுத் தாளைத் திருத்தினார்கள். பயிற்சிக்குப் போகப் போகிறேன் என்றதும் ஒருவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

பயிற்சி கொடுக்க வந்தது கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு பெண். முப்பது வயதிருக்கும். பந்தயத்திலெல்லாம் ஓட்டியவராம். முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம் கட்டிக்கொண்டு, வெயிலில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பேன்ட்டுக்குள் சட்டையை விட்டுக்கொண்டு, பள்ளிக்கூட இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவன் மாதிரி போய் நின்றேன். என்னோடு சேர்ந்தவர்களில் எனக்கு வயதொத்தவர் ஒருவர்தான். கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்த மீன் வியாபாரி. பின்சீட்டில் ஐஸ் பெட்டி கட்டி விடிகாலையில் ஊர் ஊராக மீன் கொண்டு போகிறவர். வெளிநாட்டில் இருக்கும் மருமகன் பணம் கட்டிவிட்டாராம். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். எம்மவ கேக்கல" என்றார். பெட்டியைக் கழற்றிவிட்டு வந்ததால் வண்டி பேய் பிடித்தது போல் துள்ளுகிறது என்று அவருக்குக் குறை. பாய் என்றே அவரைக் கூப்பிட்டேன்.

முதல் பாடம் பிரேக். கூம்பு வந்ததும் சட்டென்று நிறுத்த வேண்டும். நான் நிறுத்தினேன். வண்டி இரண்டு கூம்பைத் தாண்டிப் போய் நின்றது.

"ஏனுங்ணா, முன் பிரேக்கு புடிக்கவே இல்லீங்களே?"

"முன் பிரேக்கைப் பிடிச்சா தூக்கிப் போட்டுருமே."

"யாருங்ணா சொன்னாங்க?"

யார் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எல்லோரும் சொன்னார்கள். எங்கள் மாவட்டத்தில் முன் பிரேக் என்பது வண்டியோடு கொடுத்த ஒரு அலங்காரம். வண்டி வாங்கிய அன்றே அதன் பக்கம் போகாதே என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் போகிறது, அதனால் முன் சக்கரத்துக்குத்தான் பிடிமானம் கூடுகிறது, வெடுக்கென்று பிடிக்காமல் மெதுவாக அழுத்தம் கூட்டிப் பிடித்தால் தூக்கிப் போடாது. ஒவ்வொரு சொல்லும் நான் வகுப்பில் சாக்பீஸால் எழுதிப் போட்டது. நானே எழுதியதை நானே நம்பவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அண்ணா என்ன வேலை பாக்கறீங்க?"

"வாத்தியார்."

"என்ன சப்ஜெக்ட்டுங்க?"

"வரலாறு" என்றேன்.

பாய் நிமிர்ந்து பார்த்தார். "சார், நீங்க கோட்டைப்பட்டினத்துல இருந்தப்ப எம்மவளுக்கு பிசிக்ஸ்தான நடத்துனீங்க? அவ இன்னமும் ஒங்களத்தான் சொல்லிக்கிட்டு இருக்கா." அந்தப் பெண் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கும் பயிற்சி எடுத்திருப்பார் போல.

இரண்டாவது பாடம் பார்வை. கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும், பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குப் போகும், தப்பிக்கும் வழியைப் பார்த்தால் தப்பிக்கும் என்றார். நான் கூம்பைப் பார்த்துக்கொண்டே ஓட்டிக் கூம்பின் மேலேயே ஏற்றினேன். சாயங்காலத்துக்குள் எனக்குப் புரிந்தது. உடம்பும் வலித்தது. அவருக்குத் தெரியாததும் சில இருந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும். வளைவில் வண்டியைச் சாய்ப்பது பற்றி வெகுநேரம் எடுத்துச் சொன்னார். எங்கள் ரோடு நூல் பிடித்தது போல் நேராகப் போகும், வளைவைத் தேடித்தான் போக வேண்டும். ஆட்டைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. குட்டி குறுக்கே ஓடினால் தாய் வரும்வரை நிற்க வேண்டும், தாய் முதலில் ஓடினால் குட்டி எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும் என்று நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். குறித்துக்கொண்டார். அந்த வகையில் கட்டணத்தில் கொஞ்சம் அவர் எனக்குத் திருப்பித் தந்திருக்க வேண்டும்.

மறுநாள் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஹெல்மெட்டுக்குள் ஒரு கருவியை மாட்டிவிட்டு, அந்தப் பெண் பின்னால் வந்துகொண்டே காதுக்குள் பேசினார். நார்த்தாமலைப் பக்கம் கிளம்பினோம். கொஞ்ச தூரம் போனதும் குரல் வந்தது.

"அண்ணா, வலது கையெ எதுக்குங்க எடுத்தீங்க?"

"பிள்ளையார் கோயில்."

"சரிங்க."

இன்னும் கொஞ்ச தூரம். "இப்பவும் எடுத்தீங்க."

"மாரியம்மன்."

"அது மசூதி மாதிரி இருந்துதுங்களே, அங்கெயும் எடுத்தீங்க."

"அது தர்கா. வழியில இருக்கிற எல்லாத்தையும் கும்பிட்டுத்தான் போவோம்."

பாய் கோயில்களுக்குக் கும்பிடுவதில்லை. ஆனால் தர்காவுக்கு அவர் எடுத்த கை என்னைவிட நீளமாகப் போய், முகத்தைத் தடவி இறங்கியது. அந்தப் பெண் எங்களை ஒரு டீக்கடையில் நிறுத்தினார். தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைத்தான் கேட்டார்.

"ஆக்ஸிலேட்டர் எந்தக் கையில இருக்குதுங்க?"

"வலது."

"முன் பிரேக்கு?"

"வலது."

"கும்பிடறப்போ கண்ணு எங்கெ இருக்குமுங்க?"

கண் எங்கே இருக்கும்? சாமியின் மேல்தான் இருக்கும். கண் போன பக்கம் வண்டி போகும். அதனால்தான் அன்றைக்கு வண்டி ரோட்டை விட்டு நேரே அய்யனாரிடம் போனது. உளுந்தின் மேல் பழி போட்டவன் அந்த டீக்கடையில் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் விடவில்லை.

"இத்தனை வருஷம் சாமி காப்பாத்திச்சே."

"காப்பாத்துமுங்க. நான் இல்லீன்னு சொல்லலீங்க. ஆனா அந்த நேரத்துல பிரேக்கெ சாமியா வந்து புடிக்கும்?"

பாய்க்கு அது பிடித்துப் போனது. ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

நிறுத்துவது லேசாக இல்லை. இடது கையால் கும்பிடுவது சாமிக்கு மரியாதை இல்லை. தலையை மட்டும் குனிந்து பார்த்தேன், ஹெல்மெட் கண்ணாடி டப்பென்று விழுந்து உலகமே மங்கியது. மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு கையைப் பிடிமானத்திலேயே வைத்திருந்தேன். கை என் பேச்சைக் கேட்காமல் துடித்தது. முதல் தடவை அய்யனாரைக் கும்பிடாமல் தாண்டிப் போய்விட்டு, மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, இறங்கி, செருப்பைக் கழற்றி, விஷயத்தை விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் மீசையில் ஒன்றும் தெரியவில்லை.

கறம்பக்குடி கடைவீதியில் வேறு மாதிரி பேச்சு கிளம்பியது. வாத்தியார் கோயிலைக் கண்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, சாமி இல்லை என்கிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டார் என்றார் டீக்கடைக்காரர். இல்லை, வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவராகிவிட்டார் என்றார் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர். மாதா கோயிலையும் நான் அப்படியே தாண்டிப் போனதைப் பார்த்த பிறகு பாத்திரக் கடைக்காரர் பின்வாங்கினார். வட்டிக்கடைக்காரர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கழுத்து பிடிச்சுக்கிச்சா சார்? தைலம் இருக்கு" என்று அக்கறையோடு கேட்டார்.

வீட்டில் என் திறமையைக் காட்டப் பார்த்தேன். தெருவில் எட்டுப் போட்டேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "எட்டுப் போட்டாத்தான லைசென்ஸே குடுத்தாங்க? அது பழசு" என்று உள்ளே போனாள். அவசரமாக நிறுத்திக் காட்டினேன். வண்டி அழகாக, குலுங்காமல் நின்றது. எதிர்வீட்டுக் கோழி மட்டும் பயந்து கூரையில் ஏறி, அன்று முழுக்க இறங்க மறுத்தது. சான்றிதழைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "மாவாட்டுமா?" என்று கேட்டாள். போதாததற்கு ஒரு புது ஹெல்மெட்டும் அவளுக்காக வாங்கி வைத்திருந்தேன். அது பீரோ மேல் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

காதுகுத்து வந்தது. வாசலில் வேன் நின்றது. சீர்த்தட்டுகள் ஏறின, மச்சினன் குடும்பம் ஏறியது, பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக மனைவி டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு, எல்லோர் முன்னாலும் மறுத்துவிட்டால் தாங்க மாட்டேன். அவளுடைய ஹெல்மெட்டைப் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டினேன். ஏன் கட்டினேன் என்று எனக்கே தெரியாது. வேனுக்கு முன்னால் கிளம்பினேன்.

அய்யனார் கோயில் நெருங்கும்போது பார்த்தேன். இந்தத் தடவை எள்ளுச் செடி. ரோட்டின் பாதியை அடைத்துப் பரப்பியிருந்தார்கள். அதே மரத்தடியில் அதே மனிதர் எழுந்து நின்று என்னை அடையாளம் கண்டுகொண்டார். பலாப்பழம் இருக்கிறதா என்று பார்த்திருப்பார். நான் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தேன். செடி இல்லாத ஓரத்தைப் பார்த்தேன். அதை மட்டும் பார்த்தேன். வலது பக்கம் அய்யனார் குதிரையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது, கை துடித்தது, எடுக்கவில்லை. வண்டி நான் பார்த்த இடத்திலேயே போய், ஓரமாக எள்ளைத் தாண்டி, மறுபடி ரோட்டில் ஏறியது. பின்னால் வேன் எள்ளின் மேல் ஏறி வந்தது, முன்சீட்டிலிருந்து மனைவி எல்லாவற்றையும் பார்த்திருப்பாள்.

புதுக்கோட்டை வந்ததும் டீ குடிக்க நிறுத்தினார்கள். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். மனைவி வேனிலிருந்து இறங்கி, டீக்கடைப் பக்கம் போகாமல் என்னிடம் வந்தாள். பின்சீட்டுக் கயிற்றை அவிழ்த்தாள்.

"பூ நசுங்கும்" என்றேன்.

"நசுங்கட்டும். இதை எங்கிட்டு மாட்றது?"

கொக்கியை மாட்டிவிட்டேன். ஏறி உட்கார்ந்தாள். மச்சினன் கையில் டீயோடு பார்த்துக்கொண்டு நின்றான். "அக்கா, வேன்ல எடம் இருக்குல்ல?" என்றான். "இருக்கட்டும்டா" என்றாள்.

நார்த்தாமலை ரோட்டில் ஏறினோம். கொஞ்ச தூரம் போனோம். அப்புறம் காதுக்குப் பக்கத்தில், காற்றில் பாதி போக, அவள் குரல் வந்தது.

"அடுத்த சம்பளத்துல கிரைண்டர் வாங்கிரணும். மறந்துட்டேன்னு நெனைக்காதீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். பயிற்சிக்குக் கொடுத்த பணம் தகுமா என்று இப்போதும் முகாமில் கேட்கிறார்கள். கிரைண்டரைப் பற்றி ஒருத்தி என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து திட்டுகிறாள், போதாதா?

வழியில் அந்தப் பிள்ளையார் கோயில் வந்தது. பழக்க தோஷம், என் வலது கை லேசாக அசைந்தது. அதற்குள் தோளிலிருந்த அவள் கை எழுந்தது. நெஞ்சைத் தொட்டு, உதட்டில் ஒற்றி, பிறகு என் ஹெல்மெட்டையும் ஒரு தட்டுத் தட்டியது.

"நீங்க ரோட்டைப் பாருங்க. ஒங்களுக்கும் சேத்து நான் கும்பிட்டுக்கிறேன்."

கை மறுபடி என் தோளில் வந்து உட்கார்ந்தது. கல்யாணமான நாளாக அந்தக் கை என் தோளைச் சட்டையோடு சேர்த்து நகம் பதியப் பிடித்துத்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நார்த்தாமலை வரைக்கும் அது சும்மா இருந்தது.